ஜூலைத் தண்ணீர்

பேராதனை
7 நவம்பர் 1983

அன்புள்ள சோதிலிங்கம்,

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. உறையைத் திறந்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பசை அதிகமாகி உள்ளே இருந்த தாளின் ஒரு மூலையும் ஒட்டிப்போயிருந்தது. ஆகவே நாம் எழுதுவதை மூன்றாவது ஆள் ஒருவரும் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டே எழுதுவோம். அவருக்கும் விளங்கவேண்டும். விளங்காவிட்டால்தான் ஆபத்து.

இடையில் படிக்கும் ஐயா அவர்களுக்கு: நான் பேராதனை ஆற்றுநீர் ஆய்வுகூடத்தில் உதவி இரசாயனவியலாளர். இதைப் பெறுபவர் ஜூலை வரை என் பக்கத்து மேசையில் வேலை செய்தவர், இப்போது கைதடியில் தாயின் வீட்டில் இருக்கிறார். பாதரசம், மோதல், முள் என்று நாங்கள் எழுதுவது எல்லாம் தண்ணீரைப் பற்றியது. மயிர் நுழையாத துளையுள்ள கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீருக்குள் விழும். விழுமுன் ஒவ்வொரு சொட்டும் சில விநாடி குழாய் முனையில் தொங்கும். அந்தச் சொட்டுத்தான் எங்கள் மின்வாய். அதற்குச் சிறிது மின்னழுத்தம் கொடுத்திருப்போம். தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் வந்து அதில் மோதினால் மின்னோட்டம் ஒரு கணம் துள்ளும். பதிகருவியின் பேனா தாளில் ஒரு முள் கீறும். ஒரு முள், ஒரு துகள். ஆற்றில் வரும் மங்கனீசுத் துகள்களை இப்படி ஒவ்வொன்றாக எண்ணலாம் என்று காட்டுவதுதான் இவருடைய இரண்டு வருட வேலை. இதற்குமேல் எங்களிடம் இரகசியம் ஒன்றும் இல்லை.

இனி உங்களுக்கு. உங்களுக்கு ஆராய்ச்சி இடம் தருவதா என்று ஜனவரியில் முடிவு செய்ய இங்கிலாந்துப் பேராசிரியர் கேட்ட வெற்றுப் பதிவை நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்தேன். கட்டடத்தில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. பம்பு ஓடவில்லை. நீங்கள் காய்ச்சி வடித்து விட்டுப்போன ஜூலைத் தண்ணீரையே எடுத்தேன். மாதிரிகளைக் கரைத்த அதே தண்ணீரில், துகள் ஒன்றும் போடாமல் செய்த பதிவு வேண்டும் என்றுதானே அவர் எழுதியிருக்கிறார்? வேறு தண்ணீரும் இங்கே இல்லை. காய்ச்சி வடிக்கும் கருவியின் சுருள் ஓகஸ்டில் எரிந்துபோனது, புதியது இன்னும் வரவில்லை.

முள் வருகிறது, சோதிலிங்கம். வெறும் தண்ணீரில் முள் வருகிறது. மூன்று தடவை செய்தேன். மூன்றிலும் வந்தது.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எர்த் கம்பி பூட்டியிருந்தது. நைதரசன் ஓடியது. கதவு சாத்தியிருந்தது.

உங்கள் விசாரிப்பை வாப்பாவிடம் சொன்னேன். ஜூலைக் கலவரத்தில் ஒரு கிழமை எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டின் பின்னறையில் ஒளிந்து இருந்துவிட்டு, போகிற காலையில் நீங்கள் சொன்ன ஒரு வசனம் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. "உங்களுக்கென்ன, உங்களை ஒருத்தரும் தொடமாட்டினம்." எனக்கும்தான்.

ஹபீலா

*

கைதடி
16 நவம்பர் 1983

அன்புள்ள ஹபீலா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றேன். அம்மா வந்து கேட்டா, "என்னடா, ஆரும் செத்துப்போச்சினமோ?" இல்லை என்றேன். "பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்குது?" தண்ணீரில் பிழை என்றேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியம்மான்ரை பொடியனைச் சந்தியிலை பஸ்ஸாலை இறக்கிக் கொண்டுபோட்டாங்கள். நீ இன்னும் தண்ணியைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிரு!"

மகேந்திரராசாவைத்தான் சொல்கிறா. என் பெரியம்மாவின் மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன். போன செவ்வாய்க்கிழமை ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. அதே பஸ்ஸில்தான் நானும் போவதாக இருந்தேன்.

இதை உங்களை வருத்த எழுதவில்லை. ஜனவரி முடிவு என்றால் எனக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். அந்த இடம் கிடைத்தால் விசா கிடைக்கும். கிடைக்காவிட்டால் நான் இந்தச் சந்தியில்தான் பஸ் ஏறவேண்டும்.

இனி வேலை. வெறும் தண்ணீரில் வரும் முள் துகளால் வந்ததாக இருக்க முடியாது. எங்காவது மின்சாரக் குழப்பம் இருக்கவேண்டும். எர்த் கம்பி பூட்டியிருந்தது என்கிறீர்கள். குழாய்ப் பக்கத்து முனையைச் சுரண்டினீர்களா? அது பச்சை பிடிக்கும். பாதரசத் தாங்கியின் உயரம் என்ன? காவலாளியின் றேடியோ போட்டிருந்ததா? உங்கள் கை எப்போதும் சரி என்று நினைக்கவேண்டாம்.

எல்லாம் சரி என்றால், வேறு தண்ணீரில் ஒருமுறை செய்யுங்கள். பக்கத்தில்தானே ஆஸ்பத்திரி, அங்கே காய்ச்சி வடித்த தண்ணீர் இருக்கும். அதிலும் முள் வந்தால் கருவிதான் பிழை. அப்போது என் இரண்டு வருடமும் காவலாளியின் றேடியோ.

உங்கள் வாப்பாவுக்கு என்ன சொல்வது? அது பயத்தில் வந்த கதை. பயத்தில் கதைத்ததற்கும் விளக்கம் கேட்டால் நான் எங்கே போவேன்?

சோதிலிங்கம்

*

பேராதனை
25 நவம்பர் 1983

சோதிலிங்கம்,

எர்த் கம்பியின் இரண்டு முனையையும் சுரண்டினேன். தாங்கி உங்கள் சிவப்புக் கோட்டில்தான் இருந்தது. காவலாளியிடம் றேடியோவே இல்லை, பாட்டு வேண்டுமென்றால் அவரே பாடுவார். என் கை எப்போதும் சரி என்று நான் சொன்னதில்லை. உங்கள் கை பிழைவிட்டால் அதைத் திருத்துவது என் கை என்று மட்டும் இரண்டு வருடமாகத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கலக்கும் பகுதியில் மஸீனா என்று என்னோடு படித்தவள் இருக்கிறாள். ஒரு போத்தல் தந்தாள். திரும்பி வரும் வழியில் பாலத்தடியில் சோதனை. ஆமிக்காரப் பையன் போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான், மோந்தான். தண்ணீர் என்றேன். "பீலா பென்னன்ன" என்றான். குடித்துக் காட்டு என்கிறான். போத்தலோடு வாய் வைத்து இரண்டு மிடறு குடித்தேன். சிரித்துவிட்டுப் போகவிட்டான்.

வாய் வைத்த தண்ணீரில் பதிவு எடுக்க முடியுமா? திரும்ப ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மஸீனா, "என்ன புள்ள, அதுக்குள்ள குடிச்சு முடிச்சிட்டியா?" என்றாள். இரண்டாவது போத்தலைக் கொண்டுவரும்போது அதே பையன் மறித்தான். இந்த முறை கையில் ஊற்றிக் குடித்துக் காட்டினேன். போத்தலின் வாயை நானும் தொடவில்லை, அவனையும் தொடவிடவில்லை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டான்.

முடிவைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரித் தண்ணீரில் ஒரு முள்ளும் இல்லை. பேனா வழுக்கிக்கொண்டு போகிறது. உடனே ஜூலைத் தண்ணீரை மாற்றி வைத்தேன். முள், முள், முள்.

ஆகவே கருவியில் பிழை இல்லை. உங்கள் முறையும் பிழை இல்லை. முள் கீறுவது துகள்தான். ஆனால் துகளே போடாத தண்ணீருக்குள் துகள் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று தெரியாதவரை, நீங்கள் ஜூலையில் எண்ணிய முட்களில் எது மங்கனீசு, எது இது என்று யாரால் சொல்ல முடியும்?

மகேந்திரராசாவைப் பற்றி உம்மாவிடம் சொன்னேன். அல்லாஹ்விடம் துஆ கேட்பதாகச் சொன்னார். வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொடியன வெளிய போகாம இருக்கச் சொல்லு" என்றார். உங்களைத்தான்.

ஹபீலா

*

கைதடி
4 டிசம்பர் 1983

அன்புள்ள ஹபீலா,

பாலத்தடியில் நடந்ததை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அந்த வழியால் போத்தலோடு போகவேண்டாம்.

போகத் தேவையும் இல்லை. ஆஸ்பத்திரித் தண்ணீரில் எடுத்த பதிவை அனுப்பிவிடுங்கள். அது சுத்தமாக இருக்கிறது. வெற்றுப் பதிவு கேட்டார், வெற்றுப் பதிவு கொடுக்கிறோம். எந்தத் தண்ணீர் என்று எழுதாமல் விட்டால் போதும். பொய் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் விடச் சொல்கிறேன்.

நீங்கள் இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைப்பீர்கள் என்று தெரியும். ஆனால் நேற்று எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா என்னைப் பகலில் மாட்டுக்கொட்டிலுக்குள் இருத்தி வைத்திருக்கிறா. அங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை.

இதைத் தபாலில் போடவில்லை. ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. உடுப்புப் பெட்டியில் என் ஜூலைக் காற்சட்டை கிடக்கிறது. அதன் பைக்குள் ஒரு கறுத்த இறப்பர் மூடி. இங்கே வந்து சேர்ந்த அன்றே கண்டேன், அம்மா ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்தா. அது அந்தப் பெரிய கண்ணாடிக் குடுவையின் மூடி, ஹபீலா. ஜூலைத் தண்ணீரின் மூடி.

ஜூலை 26ஆம் திகதி வெற்றுப் பதிவு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தண்ணீர் எடுக்க மூடியைத் திறந்தேன். நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "தாஸிம் நானா வேனோட நிக்கிறார், இப்பவே வாங்க" என்றீர்கள். குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அத விடுங்க!" என்று கையில் பிடித்து இழுத்தீர்கள்.

ஜன்னல் பக்கத்தில் இருந்த அந்தக் குடுவையைப் பிறகு யார் மூடியது? எப்போது?

சோதிலிங்கம்

*

பேராதனை
13 டிசம்பர் 1983

அன்புள்ள சோதிலிங்கம்,

நான்தான் மூடினேன். ஓகஸ்டில் ஆய்வுகூடம் திரும்பத் திறந்த அன்று. மூடியைக் காணவில்லை என்று ஒரு பொலித்தீன் துண்டை வைத்து நூலால் கட்டினேன். ஏன் திறந்திருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. அன்று யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன. மதிலுக்கு அப்பால் இருந்த கடைகளுக்குக் கூரைகள் இல்லை.

உங்கள் கடிதம் வந்த பின்னேரமே ஜூலைத் தண்ணீரில் ஒரு லீற்றரை நுண்துளை வடிதாளில் வடித்தேன். குடுவையில் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். வடிதாளில் ஐம்பது சத நாணயம் அளவு ஒரு கறுத்த வட்டம். வடித்த தண்ணீரை மின்வாயில் வைத்தேன். ஒரு முள்ளும் இல்லை.

விரலால் தொட்டேன். கரி. இது என் ஊகமாக இருக்கக்கூடாது என்பதற்காக மதிலுக்கு அப்பால் போனேன். துணிக்கடை அழகமுத்து முதலாளி இப்போது பிலிமத்தலாவையில் உறவினரோடு இருக்கிறார். கிழமைக்கொரு தடவை வந்து சுவர்களைப் பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கும் நின்றார்.

"வாங்கம்மா, சாம்பலப் பாக்க வந்தீங்களா?"

"என்னென்ன எரிஞ்சிச்சு முதலாளி?"

"என்னோட துணிக்கடை. பக்கத்துல பெயின்ட்டுக் கடை. அதுக்கு அங்கிட்டு பலசரக்கு. மூணு கடைம்மா. பெயின்ட்டுதான் கருப்பாப் பொகஞ்சிச்சு, உங்க ஜன்னலுக்கு நேரா. எதுக்குக் கேக்குறீங்க?"

"எங்க தண்ணிக்குள்ள கெடக்கு."

முதலாளி சிரித்தார். "நல்லாத் தேடுங்கம்மா, ஒரு கூறைச் சேலையும் கெடக்கும்."

ஆகவே உங்கள் எண்ணிக்கை சரி. நீங்கள் மாதிரிகளைப் பதிந்தது தீக்கு முன். கரி விழுந்தது தீக்குப் பின். கண்ணுக்குத் தெரியாத அளவு கரியையும் உங்கள் சொட்டு ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறது. பேராசிரியருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இதையெல்லாம் எழுதி நம் ஆய்வுகூடத் தலைவர் திலகரத்ன சேரிடம் கையொப்பத்துக்குக் கொண்டுபோனேன். முழுவதும் வாசித்தார். ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். "இந்த இடத்தில் 'வளியில் இருந்த தூசி' என்று எழுது. தூசியும் பொய் இல்லை" என்றார்.

தூசி என்றால் எப்போது விழுந்த தூசி என்று பேராசிரியர் கேட்பார் என்றேன். ஜூனிலும் விழுந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் முழு வேலையும் போய்விடும். திகதி வேண்டும். திகதி வேண்டுமென்றால் தீ வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஹபீலா, இது அரசாங்கத் தாள். கடைகளுக்குத் தீ வைத்தார்கள் என்று அரசாங்கத் தாளில் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புகிறாய். என்ன நடக்கும் என்று தெரியுமா?"

அவரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். 26ஆம் திகதி வாசலில் வந்து தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டவர்களிடம், இங்கே ஒருவரும் இல்லை என்று சொல்லி நின்றவர் அவர்தான். அந்த நேரம் நாம் பின்கதவால் வேனுக்குள் ஏறிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வாப்பாவுக்கு எப்போதும் ஒரே கேள்வி, "மணி என்ன?" பழுதுபார்க்கக் கொடுத்த கைக்கடிகாரம் ஜூலையோடு போய்விட்டது. புதியது வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். "செய்ய எடுத்தவன் அதக் கொண்டுவந்து தந்தா என்ன சொல்ற?" என்கிறார்.

ஹபீலா

*

கைதடி
21 டிசம்பர் 1983

அன்புள்ள ஹபீலா,

தூசி என்றே எழுதுங்கள்.

ஒரு பகலும் ஒரு இரவும் யோசித்துத்தான் சொல்கிறேன். போன கடிதத்தில் தண்ணீரின் பெயரை மறைக்கச் சொன்னவன் நான். அப்போது மறைப்பதால் எனக்கு இலாபம். இப்போது சொல்வதில் எனக்கு இலாபம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தூசி என்று போனால் பேராசிரியர் வேண்டாம் என்பார். சரி, வேண்டாம் என்று சொல்லட்டும்.

சேர் சொல்வது உண்மை. நீங்கள் கட்டுகஸ்தோட்டையில் இருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். பாலத்தடியில் உங்கள் பெயரை ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதுகிறவர் என்று தபாலிலும் தெரியும். இதற்குமேல் உங்கள் கையொப்பத்தோடு அந்த வரி வேறு வேண்டுமா? எனக்காக ஒரு வீடே ஒரு கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அது போதும்.

மகேந்திரராசா பற்றித் தகவல் இல்லை. பெரியம்மா ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகிறா. வாங்கி வைக்கிறார்களாம். ஆள் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால், அப்படி ஒரு பெயர் இல்லை என்கிறார்களாம். பிறகு ஏன் பார்சலை வாங்குகிறீர்கள் என்று கேட்க அவவுக்குப் பயம்.

மூடி என்னிடம் இருக்கிறது. எப்போதாவது கொண்டுவந்து தருவேன்.

சோதிலிங்கம்

*

பேராதனை
2 ஜனவரி 1984

அன்புள்ள சோதிலிங்கம்,

அனுப்பிவிட்டேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். 28ஆம் திகதி சேர் என்னைக் கூப்பிட்டு, தான் இரண்டு நாள் லீவில் போவதாகச் சொன்னார். "நான் இல்லாத நாட்களில் பதில் கடமை நீதான். சாதாரண கடிதங்களுக்கு நீ கையொப்பம் வைக்கலாம். முத்திரை மேசை லாச்சியில் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வருட முடிவில் லீவு எடுத்து நான் கண்டதில்லை. எனக்குக் கதவைத் திறந்துவிட்டாரா, தன் கையைக் கழுவிக்கொண்டாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

வரி இதுதான்: "இந்த நீர் காய்ச்சி வடித்த நாளிலிருந்து 1983 ஜூலை 26 வரை மூடியிருந்தது. அன்று திறந்தபோது கலவரம் காரணமாக மூட முடியாமற் போயிற்று. ஆய்வுகூட மதிலை ஒட்டியிருந்த மூன்று கடைகள் அன்று தீவைத்து எரிக்கப்பட்டன. நீரில் உள்ள துகள்கள் அந்தத் தீயின் கரி." கீழே என் கையொப்பம், அதன்மேல் முத்திரை.

வடிதாளை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி பேராசிரியருக்கு, ஒரு பாதி என்னிடம். கண்டி பெரிய தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன். தாஸிம் நானா கூட வந்தார். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். "ஒனக்குப் பைத்தியமா தங்கச்சி? அவன் தூசின்டு எழுதச் சொல்லியீக்கிறானே!" வரிசையில் நிற்கும்போதும் திட்டினார். பிறகு தபால் முத்திரையை அவரே நக்கி ஒட்டினார்.

நேற்று வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, சாதாரண உடுப்பில், ஹபீலா என்பவர் யார் என்று கேட்டிருக்கிறார். வாப்பா வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்ட மகள். கவர்மெண்டு வேலை. தண்ணி சோதிக்கிறா. ஒங்கட வீட்டுத் தண்ணியும் அவ பாத்துதான் வருது" என்று சொன்னாராம். அவர் போய்விட்டார்.

இனி எனக்குக் கடிதம் போடவேண்டாம். போட்டால் மஸீனாவின் விலாசத்துக்குப் போடுங்கள்.

ஹபீலா

*

இங்கிலாந்து
19 மே 1984

அன்புள்ள ஹபீலா,

மஸீனாவின் விலாசத்துக்குப் போடுகிறேன். இந்த உறையை யாரும் திறந்து ஒட்டமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் வெறுமையாகவும் இருக்கிறது. இடையில் ஒருவருக்கு விளக்கிக்கொண்டு எழுதிப் பழகிவிட்டது.

மார்ச்சில் வந்து சேர்ந்தேன். வந்த முதற் கிழமை பேராசிரியர் உங்கள் பாதி வடிதாளைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரை மின்வாயில் வைத்தார். முட்கள் வரத் தொடங்கின. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டார், "எந்த முள் எந்தக் கடை என்று பிரிக்க முடியுமா?" முடியாது என்றேன். எண்ண மட்டும் முடியும்.

கட்டுரை எழுதினோம். உங்கள் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் திருத்திய பிரதி கைக்கு வந்தது. உங்கள் வரியின்மேல் ஒரு கோடு. மேலே பேராசிரியரின் அழகான எழுத்தில் "வளியில் இருந்த தூசி".

போய்க் கேட்டேன். அவருக்கு யாரிடமும் பயம் இல்லை. சஞ்சிகைக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை, இடம் மிச்சமாகும் என்றார். அந்த ஒரு வரியை எழுதிய ஆள் என்ன கொடுத்து எழுதினார் என்று எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். கோபப்பட்டார். மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுவாரோ என்றுகூட இருந்தது. நேற்று பிரதியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கோட்டை அழித்திருக்கிறார்.

உங்களை வத்தேகமவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தாஸிம் நானா எழுதியிருந்தார். கிளைக் கந்தோரில், சனங்களின் தண்ணீர் முறைப்பாடுகளைப் பதியும் வேலையாம். ஆய்வுகூடம் இல்லையாம்.

உங்களை ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று சொன்னவன் நான். வாப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.

மகேந்திரராசா பற்றி இன்னும் இல்லை. பார்சலை இப்போது வாங்குவதும் இல்லையாம்.

மூடி என் மேசையில் இருக்கிறது. இங்கே உள்ள ஒரு குடுவைக்கும் அது பொருந்தவில்லை.

சோதிலிங்கம்

*

வத்தேகம
11 பெப்ரவரி 1985

அன்புள்ள சோதிலிங்கம்,

அச்சான பக்கங்கள் வந்தன. மஸீனா தன் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தந்தாள். மறைக்க அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பழகிவிட்டது.

இங்கே எனக்குக் குறை இல்லை. சந்தையடியில் கந்தோர். குழாயில் தவளை வந்தது, தண்ணீர் சிவப்பாக வருகிறது என்று தோட்டத்துச் சனங்கள் வந்து சொல்வார்கள். எழுதிக்கொள்வேன். சிவப்பு மண்ணாலா, துருவாலா என்று பார்க்க ஒரு சோதனைக் குழாய்கூட இல்லை. போத்தலை வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன், பாலத்தடிப் பையன் பார்த்த மாதிரி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வாப்பா என்னை முன்னால் உட்காரவைத்து, "அந்தப் பொடியன் என்ன எழுதியீக்கிறான், தமிழ்ல சொல்லு" என்றார். முழுவதையும் சொன்னேன். சொட்டு, துகள், முள் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். நம் வரி வந்ததும், "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். "ஆய்வுகூட மதிலை ஒட்டியிருந்த மூன்று கடைகள் அன்று தீவைத்து எரிக்கப்பட்டன."

"மூணில்ல" என்றார். "நாலு."

அழகமுத்து முதலாளியே மூன்று என்றுதான் சொன்னார் என்றேன்.

"அவருக்கு அது தன்ட கடைத் தாவாரம். அதனால கணக்கில சேத்தீக்க மாட்டாரு. தாவாரத்துக்குக் கீழ ஒரு பெட்டிக்கடை இருந்திச்சா இல்லியா? மணிக்கூடு செய்ற இராமையா. போர்டு இல்ல. ஒரு ஸ்டூலும் ஒரு கண்ணாடிப் பெட்டியும். என்ட மணிக்கூடு அதுக்குள்ளதான் இருந்திச்சு."

நான் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், சோதிலிங்கம். நீங்களும்தான். உங்கள் கைக்கடிகாரத்தின் பட்டையை அங்கேதானே மாற்றினீர்கள்? தண்ணீரில் துகளை ஒவ்வொன்றாக எண்ணிய இரண்டு பேரும் அந்தப் பெட்டியை எண்ணவில்லை.

இராமையா எங்கே என்று வாப்பா இந்த ஒன்றரை வருடமும் விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. அகதி முகாமில் கண்டவர் இல்லை. இந்தியாவுக்குப் போன கப்பலில் கண்டவரும் இல்லை. மணி கேட்பதெல்லாம் கடிகாரத்துக்காகத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் வாப்பா சொன்னார், "அந்தப் பொடியனுக்கு எழுது. அவன்மேல எனக்குக் கோவமில்லண்டு எழுது. ஆனா பிழையத் திருத்தச் சொல்லு."

சஞ்சிகையில் திருத்தம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சின்ன எழுத்தில், கடைசிப் பக்கத்தில் போட்டாலும் பரவாயில்லை. பேராசிரியர் இடம் போதாது என்றால் நீளமாக ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சொல்தான் மாற வேண்டும். மூன்று அல்ல, நான்கு.

ஹபீலா